உறவைத் திருத்தும் பெட்டி: அண்ணனா, தம்பியா?

படிவம் 4 கணினி அறிவியலில் தரவுத்தளம் படிக்கும்போது "உறவு" என்ற சொல் வரும். மாணவர்கள் கட்டத்தையும் கோட்டையும் மனப்பாடம் பண்ணிடுறாங்க. ஆனா அந்தக் கோட்டை இணையத்தில் யார், எப்படிப் போடுகிறார் என்று பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்க நல்ல இடம் விக்கித்தரவு. 2012 அக்டோபரில் தொடங்கியது; யாரும் திருத்தலாம்.

அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. மலேசியா கியூ833, தமிழ் மொழி கியூ5885. ஒரு பக்கத்தில் உறவு சேர்க்கப் போனால் இரண்டு பெட்டிகள் வரும். முதல் பெட்டியில் உறவின் பெயர், இரண்டாவதில் மற்றப் பொருள். "லாபிஸ்" என்று தட்டத் தொடங்கினாலே கீழே பட்டியல் விழும்: நகரம் ஒன்று, நாடாளுமன்றத் தொகுதி ஒன்று, ரயில் நிலையம் ஒன்று. பெயர் ஒன்றுதான், பொருள் மூன்று! அதனால்தான் ஒவ்வொரு பெயரின் கீழும் ஒரு சின்ன விளக்கம் இருக்கும். அதைப் படிக்காமல் முதலில் இருப்பதைத் தேர்ந்தால், ஊரில் பிறந்தவர் தொகுதியில் பிறந்தவராகிவிடுவார். எழுத்துப்பிழை என்றால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

இனி நம் பாடத்துக்கு வருவோம். இளங்கோவடிகளுக்கும் சேரன் செங்குட்டுவனுக்கும் என்ன உறவு? அண்ணன் தம்பி என்று உடனே சொல்லிடுவீங்க. விக்கித்தரவில் அதற்கு இருக்கும் உறவு "உடன்பிறந்தவர்" (பி3373) மட்டுமே. முன்பு சகோதரன், சகோதரி என்று தனித்தனியாக இருந்தன, பிறகு ஒன்றாக்கிவிட்டார்கள். மூத்தவரா இளையவரா என்பதை ஆங்கிலம் பெரிதாகக் கேட்பதில்லை. தமிழில் அது இல்லாமல் வாயே திறக்க முடியாது.

இதற்கும் வழி இருக்கிறது. உறவின் கீழேயே கூடுதல் குறிப்பு சேர்க்கலாம். உறவு வகையைச் சொல்ல பி1039 உண்டு. இங்கே திசையைக் கவனியுங்கள். இளங்கோ பக்கத்தில் செங்குட்டுவன் பெயருக்குக் கீழே "அண்ணன்" என்று வரணும். செங்குட்டுவன் பக்கத்தில் இளங்கோ பெயருக்குக் கீழே "தம்பி". ஒரு பக்கத்தில் போட்டால் மறுபக்கத்தில் தானாக வராது. விட்டுவிட்டால், கணக்கு வைத்து உள்நுழைந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கைக் குறி தெரியும், அவ்வளவுதான். தேர்வில் இருவழி உறவு பற்றிக் கேட்டால் இந்த உதாரணத்தையே எழுதலாம்.

அடுத்து சான்றுக் கட்டம். பலர் இதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்; எனக்கு இதுதான் முக்கியம். இளங்கோ துறவு பூண்ட கதைக்குச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை இடம் தருகிறது. செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திலோ இப்படி ஒரு தம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் இந்த உறவை ஐயப்படும் ஆய்வாளர்களும் உண்டு. சான்றுக் கட்டத்தில் "சிலப்பதிகாரம், வரந்தரு காதை" என்று போட்டுவிட்டால், பார்க்கிறவருக்கு இது காப்பியம் சொல்லும் செய்தி என்று புரியும். போடாவிட்டால் பிறப்புப் பத்திரத்தில் இருந்து எடுத்த மாதிரி நிற்கும்.