நிலம் நடுங்கியபோது பங்குத்தந்தையர் எழுதிய பதில்கள்

1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சனிக்கிழமை. புனிதர் அனைவரின் பெருவிழா. போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் ஆலயங்களெல்லாம் நிரம்பியிருந்தன. பெருவிழா என்பதால் பீடங்களில் வழக்கத்தைவிட அதிகமாக மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. காலை ஒன்பதரை மணியைத் தாண்டிச் சற்று நேரத்தில் நிலம் ஆடத் தொடங்கியது. கல்லால் கட்டிய ஆலயக் கூரைகள் செபித்துக்கொண்டிருந்தவர்கள்மீது இடிந்து விழுந்தன. தப்பியவர்கள் திறந்தவெளியைத் தேடித் தேகுஸ் ஆற்றின் முகத்துவாரக் கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி அடித்தரை தெரிந்தது. சுமார் 40 நிமிடங்களில் ஆழிப்பேரலை வந்து கரையில் நின்றவர்களைக் கொண்டுபோனது. சரிந்து விழுந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய தீ ஐந்து நாட்களுக்குமேல் எரிந்தது. அனைத்துப் புனிதர்கள் பெயரால் அமைந்த அரச மருத்துவமனையும் நோயாளிகளோடு எரிந்துபோனது. இறந்தவர்களை 30,000 என்றும் 60,000 என்றும் பலவாறு கணக்கிடுகிறார்கள்.

ஏன் இந்த நாளில்? ஏன் ஆலயத்தில் இருந்தவர்கள்? அன்று ஐரோப்பா முழுவதும் இதே கேள்வி. ஆலயங்கள் விழுந்தன, பாவத்தின் தெருக்கள் என்று பேர்பெற்ற சில பகுதிகளோ அதிகச் சேதமின்றி நின்றன. 'இது கடவுளின் தண்டனை' என்று போதித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிதாக இல்லை.

அப்படிப் போதித்தவர்களில் முக்கியமானவர் கபிரியேல் மலகிரிதா என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு. பிரேசிலில் நெடுங்காலம் மறைப்பணியாற்றியவர், மக்களால் மதிக்கப்பட்டவர். 1756இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், நிலநடுக்கத்துக்குக் காரணம் இயற்கை அல்ல, லிஸ்பன் மக்களின் பாவமே என்று வாதிட்டார். இடிபாடுகளை அகற்றி நகரைத் திரும்பக் கட்ட முயன்ற அமைச்சருக்கு இது பிடிக்கவில்லை. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்ட அந்த அமைச்சர் முதலில் மலகிரிதாவை நகரைவிட்டு அகற்றினார். 1759இல் இயேசு சபையையே நாட்டைவிட்டு வெளியேற்றினார். 1761இல் முதியவரான மலகிரிதா கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். எனவே ஒருவரை அறிவின் பக்கமும் மற்றவரை இருளின் பக்கமும் நிறுத்திக் கதையை எளிதாக்கிவிட முடியாது. பொம்பாலின் கைகளிலும் இரத்தம் இருந்தது.

ஆனால் அந்த அமைச்சரின் அரசு செய்த ஒரு காரியத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1756 தொடக்கத்தில் நாடெங்கும் இருந்த பங்குகளுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பப்பட்டது. பதில் எழுத வேண்டியவர்கள் பங்குத்தந்தையர்கள். நடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது? ஒரு திசையிலிருந்து வந்த அதிர்ச்சி அதிகமாகத் தோன்றியதா? கட்டடங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தனவா? எத்தனை பேர் இறந்தார்கள்? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? நிலத்தில் வெடிப்பு உண்டானதா, புதிய ஊற்று கிளம்பியதா? இப்படிப்பட்ட கேள்விகள். யாருடைய பாவத்தால் என்ற கேள்வி அதில் இல்லை.

பங்குத்தந்தையர் பொறுமையாக எழுதினார்கள். ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். இறந்தவர்களின் பதிவேடும் அவர்களிடமே இருந்தது. அந்தப் பதில்களில் பல, லிஸ்பனிலுள்ள தோரே தோ தோம்போ தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் எந்த ஊரில் எவ்வளவு அதிர்ந்தது என்ற வரைபடத்தை இன்றைய ஆய்வாளர்கள் வரைகிறார்கள். அந்த நடுக்கத்தின் அளவு 8.5 அல்லது அதற்கும் மேல் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட முடிவதற்கும் இப்படிப்பட்ட பதிவுகளே உதவுகின்றன. நிலநடுக்க ஆய்வு ஒரு முறையான அறிவியலாக உருவாவதற்கு இது ஒரு முதற்படி என்று சொல்வது மிகையல்ல.

1760இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மிச்செல், லிஸ்பன் செய்திகளைச் சேர்த்துப் பார்த்து, நிலநடுக்கம் என்பது பூமிக்குள் பரவும் அலை என்று எழுதினார். இவரும் பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையில் பங்குப் பணியாற்றியவர்தான். குளத்தில் கல் விழுந்தால் வளையங்கள் பரவுகின்றன அல்லவா? ஒவ்வொரு கரைக்கும் வளையம் எப்போது வந்தது என்று தெரிந்தால் கல் விழுந்த இடத்தைச் சொல்லிவிடலாம். இந்த எண்ணம்தான் இன்றுவரை அடிப்படை.

அலை எதனால் எழுகிறது? பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெரிய தட்டுகளாகப் பிளந்திருக்கிறது. இவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன, ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகத்தில். இரண்டு தட்டுகள் உரசும் இடத்தில் பாறைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தட்டு நகர்வதை நிறுத்தாது. பிடித்திருக்கும் பாறை வில்போல வளையும். பத்து ஆண்டு, நூறு ஆண்டு, சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகூட வளையும். பிடி விடும்போது சேர்ந்திருந்த அத்தனை விசையும் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ வெளியாகிறது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கே நிலம் விலகியதை அளந்து பார்த்து, ஹாரி ஃபீல்டிங் ரீட் என்பவர் இந்த விளக்கத்தைத் தந்தார்.

வெளிவரும் அலைகள் ஒரே வகையல்ல. இதைக் கருவிப் பதிவுகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஓல்டாம். 1897 ஜூன் 12ஆம் நாள் அசாமையும் ஷில்லாங்கையும் உலுக்கிய பெரும் நடுக்கத்தைப் பற்றிய அவரது ஆய்விலிருந்து இது வந்தது. முதலில் வருவது அழுத்த அலை. மேலோட்டுப் பாறையில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். அடுத்து வருவது பக்கவாட்டில் அசைக்கும் குறுக்கலை, சுமார் மூன்றரை கிலோமீட்டர் வேகம். மின்னலைப் பார்த்தபின் இடி கேட்கும்வரை எண்ணித் தூரத்தைச் சொல்கிறோமே, அதுபோல இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி, ஒரு நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், அருகில் நிகழ்ந்த நடுக்கத்தின் தூரம் கிடைக்கும். ஒரு நிலையத்தால் தூரத்தை மட்டும் சொல்ல முடியும். மூன்று நிலையங்கள் மூன்று வட்டம் வரைந்தால் அவை சந்திக்கும் இடமே மையம்.

ஆக, ஒரே கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் போதாது. பல ஊர்களில், பல நாடுகளில், ஒரே மாதிரியான கருவிகள், சரியான கடிகாரங்களோடு, நாள் தவறாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்களோடு வேண்டும். இங்கேதான் திருச்சபையின் பங்கு வருகிறது. லிஸ்பனிலிருந்து விரட்டப்பட்ட அதே இயேசு சபை, உலகெங்கும் இருந்த தன் கல்லூரிகளிலும் வானாய்வு நிலையங்களிலும் அதிர்வுக் கருவிகளை வைத்தது. 1865இல் தொடங்கிய மணிலா நிலையம், சிட்னியின் ரிவர்வியூ, லெபனானின் க்சாரா என்று பட்டியல் நீளும். 1909இல் அமெரிக்காவில் அருட்தந்தை ஃபிரெடரிக் ஓடன்பாக் தம் சபைக் கல்லூரிகளை ஒரே வகைக் கருவிகளால் இணைத்தார். 1925இல் அருட்தந்தை ஜேம்ஸ் மேக்கல்வேன் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் இளம் ஆய்வாளர்களுக்கு அளிக்கும் பதக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நிலநடுக்க இயலை 'இயேசு சபையாரின் அறிவியல்' என்று சொல்லும் வழக்கமே உண்டானது. மலகிரிதாவின் சபைச் சகோதரர்கள்தான் இவர்கள் என்பதை நினைக்கையில் வியப்பாக இருக்கிறது.

செய்திகளில் நாம் குழப்பிக்கொள்ளும் இரண்டு அளவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று நடுக்கத்தின் மொத்த ஆற்றல். சார்லஸ் ரிக்டர் 1935இல் கொடுத்த அளவுகோலின் பெயரால் நாம் இன்னும் 'ரிக்டர்' என்று சொன்னாலும், பெரிய நடுக்கங்களுக்கு ஆய்வாளர்கள் இப்போது பயன்படுத்துவது வேறு அளவு. இதில் ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. மற்றது ஓர் ஊரில் உணரப்பட்ட அதிர்வின் கடுமை. மின்விளக்கின் வாட் ஒன்றுதான்; பக்கத்தில் இருப்பவருக்கு வெளிச்சம் அதிகம், தூரத்தில் இருப்பவருக்குக் குறைவு. இந்தக் கடுமையை அளக்கும் அளவுகோலுக்குப் பெயர் தந்தவர் ஜுசெப்பே மெர்க்காலி, இத்தாலியக் கத்தோலிக்கக் குரு. பொருள்கள் ஆடினவா, புகைபோக்கி விழுந்ததா, சுவர் பிளந்ததா என்று கேட்டு அவர் கணக்கிட்டார். லிஸ்பன் பங்குத்தந்தையரிடம் கேட்ட கேள்விகளின் சாயல் இதில் தெரிகிறது.

இவ்வளவு தெரிந்தும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று பரப்புகிறவர்களை நம்ப வேண்டாம். 1975இல் சீனாவின் ஹைசெங் நகரில் முன்னறிவிப்பு பலித்தது. அடுத்த ஆண்டே தாங்ஷானில் எந்த அறிவிப்புமின்றி 2,40,000க்கும் அதிகமானோர் மடிந்தனர். முடியாது என்பதைச் சொல்லாமல் ஆறுதல் சொல்வதும் ஆபத்தே. இத்தாலியின் லாக்குவிலா நகரில் 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. ஆற்றல் சிறிது சிறிதாக வெளியேறுவதால் நல்லதே என்ற வகையில் ஓர் அதிகாரி பேசினார். கணக்குப் பார்த்தால் இது நிற்காது: அளவு 6 கொண்ட ஒரு நடுக்கத்தின் ஆற்றலை வெளியேற்ற அளவு 4 கொண்ட ஆயிரம் நடுக்கங்கள் வேண்டும். அதிர்வு வந்தால் வெளியே போய்ப் படுப்பது அவ்வூர் வழக்கம். அந்த இரவு பலர் வீட்டிலேயே தங்கினார்கள். ஏப்ரல் 6 அதிகாலையில் வந்த 6.3 அளவு நடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். 2012இல் ஏழு பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் ஆறு பேர் விடுவிக்கப்பட்டனர், அந்த அதிகாரிக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. 2009 ஏப்ரல் 28இல் அங்கு சென்ற திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இடிந்த கொல்லமாஜ்ஜோ பேராலயத்தில் புனித ஐந்தாம் செலஸ்டின் பேழைமீது தம் பாலியத்தை வைத்துச் செபித்தார்.

நம் மாநிலத்துக்கு நடுக்கம் வராது என்று நினைப்பதும் சரியல்ல. 1900இல் கோயம்புத்தூர் பகுதியில் 6ஐ ஒட்டிய அளவில் நடுக்கம் வந்தது. 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான நடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. ஆனாலும் நமக்குப் பெரிய காயம் தொலைவிலிருந்தே வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பப் பெருவிழா. நம் நேரப்படி காலை 6.29க்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. அளவு 9.1. ஆழ்கடலில் பேரலை விமான வேகத்தில் வரும். ஆயினும் நாகப்பட்டினம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. உலகத்தின் அதிர்வுக் கருவிகளெல்லாம் அதற்குள் பதிவு செய்துவிட்டன. அந்தச் செய்தியைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்க்க இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேளாங்கண்ணியில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்து கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் அவர்களில் அடங்குவர்.

அப்போதும் லிஸ்பன் கேள்வி திரும்ப வந்தது. ஆலயம் தப்பியது அருள் என்றார்கள் சிலர். இறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்றும் சிலர் பேசினார்கள். நன்றி சொல்வதைக் குறைகூற முடியாது. ஆனால் அந்த இரண்டாவது பேச்சுக்கு இயேசுவே பதில் தந்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் சரிந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்ற எருசலேமியரைவிடக் கெட்டவர்கள் என்ற எண்ணத்தை அவர் மறுத்துவிட்டார் (லூக்கா 13:1-5). பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்தப் பேச்சைப் பேசுவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

இடைப்பட்ட அந்த இரண்டரை மணி நேரத்தைப் பயன்படுத்தவே 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடலடியில் வைத்த அழுத்தமானிகள், கரையோர நீர்மட்டக் கருவிகள், அதிர்வு நிலையங்கள் மூன்றும் சேர்ந்து செய்தி தருகின்றன. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நடுக்கம் வந்தது. சென்னையில் மக்கள் கட்டடங்களைவிட்டு வெளியே வந்தார்கள், கடலோரங்களிலிருந்து விலகினார்கள். அந்த முறை பாறைகள் பக்கவாட்டில் வழுக்கியதால் கடல்நீர் அதிகம் தூக்கப்படவில்லை. பேரலை இல்லாமல் போயிற்று.

பங்குத்தந்தையரிடம் கேட்ட ஒரு கேள்வி நமக்கு முக்கியம்: கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? 2004இல் பிளவின் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இருந்த நமக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது எழுச்சி, உள்வாங்கியது பிறகே. ஆகவே கடல் பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டு ஓடலாம் என்று நம் கரையில் காத்திருக்கக் கூடாது. பிளவுக்கு மிக அருகில் இருந்த சிமியுலுவே தீவில் கருவியும் இல்லை, எச்சரிக்கை மணியும் இல்லை. 1907இல் வந்த பேரலையைப் பற்றித் தாத்தா பாட்டிமார் 'ஸ்மோங்' என்ற சொல்லோடு பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதை மட்டும் இருந்தது. பெரிதாக நிலம் ஆடினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் அத்தீவில் 70,000க்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர்.