ஊர் கூடி அளக்கும் சோளம்

புது தில்லி: ரேஷன் கடையில் எந்தத் தானியம் இருக்க வேண்டும் என்பதைத் தலைநகர்தான் தீர்மானிக்க வேண்டுமா? அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில், இன்று தெலங்கானாவில் உள்ள ஜஹீராபாத் வட்டாரப் பெண்கள் 1990-களிலேயே இக்கேள்வியை எழுப்பினர். பெரும்பாலோர் தலித்துகள். தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் துணையோடும் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிதியோடும் தரிசு நிலங்களில் சோளம் விளைவித்தனர். ஏக்கர் கணக்கில் வழங்கப்பட்ட கடன் தானியமாகவே திரும்பியது. அது ஊர்க் களஞ்சியத்தில் சேர்ந்து, பற்றாக்குறை மாதங்களில் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் அளக்கப்பட்டது.

கடன், தவணை, இருப்புக் கணக்கு ஆகியவற்றில் கறாரான திட்ட மேலாண்மை இருந்தது. ஆனால், யார் ஏழை என்பதை அதிகாரிகளின் பட்டியல் முடிவு செய்யவில்லை; ஊர் கூடி முடிவு செய்தது. மிக வறிய குடும்பத்துக்குக் கூடுதல் தானியம் கிடைத்தது. மேலாண்மைக் கல்லூரிகள் "சூழலுக்கேற்ற தலைமை" எனப் பாடம் நடத்துவது இதைத்தான், கட்டணமும் வசூலிக்கின்றன!

இச்சங்கங்களுக்கு 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், உள்ளூர் விநியோக முறைகளுக்கும் தானிய வங்கிகளுக்கும் ஆதரவளிப்பதைச் சீர்திருத்தங்களுள் ஒன்றாக 12-ஆவது பிரிவில் குறிப்பிடுகிறது. மத்தியத் தொகுப்பிலோ இன்றும் அரிசியும் கோதுமையுமே மலைபோல் குவிகின்றன.