ஓசோன் ஓட்டை எங்கே போயிற்று?

புவி வெப்பமாதல் பற்றிய செய்தி எப்போது வெளியானாலும் அதை நம்ப மறுப்பவர்கள் முன்வைக்கும் எதிர்வாதங்களில் ஒன்று, 1980களிலும் 1990களிலும் நாளிதழ்களை நிறைத்த ஓசோன் ஓட்டையைப் பற்றியதாக இருக்கிறது. அன்று அப்படிப் பயமுறுத்தினார்கள், இன்று அதைப் பற்றிப் பேச்சையே காணோம், ஆகவே இதுவும் நாளைக்குக் காணாமல் போய்விடும் என்பது அந்த வாதத்தின் சாரம். அதன் முடிவு தவறானது. ஆனால் அது புறப்படும் கேள்வி, அதாவது அந்த ஓட்டை என்னதான் ஆயிற்று என்பது, முற்றிலும் நியாயமானது. ஆபத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிடும் ஊடகங்கள், அது தணிவதற்கு எடுத்துக்கொண்ட முப்பதாண்டுக் காலத்துக்கு உள்பக்கத்தில்கூட இடம் ஒதுக்கவில்லை என்பதால், பெரும்பாலான வாசகர்களுக்குக் கதையின் முன்பாதி மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில், அடுக்கு மண்டலம் எனப்படும் வளிமண்டலப் பகுதியில், அதன் பெரும்பங்கு இருக்கிறது. சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் தோல் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் காரணமாகக்கூடிய பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. ஓரிடத்துக்கு நேர் மேலே உள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கும் சுழிய டிகிரி வெப்பநிலைக்கும் கொண்டுவந்தால் அது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கே தேறும் என்பதால், அந்த அளவை 300 டாப்சன் அலகு என்று குறிப்பிடுகிறார்கள். 220 அலகுக்குக் கீழே இறங்கிவிட்ட பகுதியே ஓட்டை என்று கணக்கிடப்படுகிறது.

குளோரின், புளோரின், கார்பன் ஆகிய மூன்றும் சேர்ந்த குளோரோபுளோரோகார்பன் என்னும் சேர்மங்களை, அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களை நம்பியிருந்த குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மாற்றாக, அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லியின் குழு 1928இல் உருவாக்கியது. அது நச்சற்றது, தீப்பற்றாதது என்பதைக் காட்டுவதற்காக மிட்ஜ்லி 1930இல் வேதியியலாளர்கள் கூடிய அவையொன்றில் அந்த வாயுவை மூச்சாக இழுத்து, பிறகு மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். எதனோடும் எளிதில் வினைபுரியாத அந்த நல்ல குணமே பின்னாளில் வில்லங்கமாயிற்று. மழையிலும் கரையாமல், கீழ் வளிமண்டலத்தில் எதனாலும் சிதைக்கப்படாமல் பல பத்தாண்டுகள் மிதந்து மேலேறும் இந்தச் சேர்மங்கள், அடுக்கு மண்டலத்தின் கடுமையான புற ஊதாக் கதிர்கள் பட்டவுடன் உடைந்து குளோரின் அணுவை வெளிவிடும் என்றும், அந்தக் குளோரின் தான் தீர்ந்துபோகாமலேயே ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைக்கும் என்றும் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வினையில் பங்கேற்றும் தன்னை இழக்காத இத்தகைய பொருள் வினையூக்கி எனப்படும். ஒரே குளோரின் அணு, வேறொன்றோடு பிணைந்து அடங்குவதற்குள், ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழித்துவிடக்கூடும்.

இந்தக் கருத்துக்கு எதிராக எழுந்த ஐயங்கள் ஒரே தரத்தவை அல்ல. காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமான இந்த வாயு, தரையில் படிந்து கிடக்காமல் முப்பது கிலோமீட்டர் உயரத்துக்கு எப்படி ஏறும் என்பது அவற்றில் ஒன்று; பள்ளிக்கூட அறிவியல் படித்த எவருக்கும் தோன்றக்கூடிய நேர்மையான கேள்வி அது. வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதிகள் ஓயாத காற்றோட்டங்களால் கலக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே வாயுக்கள் எடைவாரியாகப் பிரிந்து படிவதில்லை, காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடும் அப்படிப் படிந்து நம்மை மூச்சுத்திணற வைப்பதில்லை என்பது கோட்பாட்டளவிலான பதில். அதைவிட வலுவான பதிலை 1975இல் பலூன்கள் கொண்டுவந்தன. அடுக்கு மண்டலத்திலிருந்து அவை எடுத்துவந்த காற்றில் அந்தச் சேர்மங்கள் இருந்தன, அதுவும் கணிக்கப்பட்டபடி உயரம் கூடக்கூட அவற்றின் அளவு குறைந்துகொண்டே போயிற்று. எரிமலைகளும் கடல் உப்பும் இதைவிட அதிகமான குளோரினைக் கக்குகின்றனவே என்பது இரண்டாவது ஐயம். அந்தக் குளோரினில் மிகப் பெரும்பகுதி நீரில் கரையக்கூடிய வடிவத்தில் இருப்பதால் மழையோடு இறங்கிவிடுகிறது. மேலும், அடுக்கு மண்டலத்தில் குளோரினோடு சேர்ந்து பெருகிவந்த புளோரினுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான இயற்கை மூலம் எதுவும் இல்லாததால், அதுவே தொழிற்சாலையின் கைரேகையாக அமைந்தது.

மூன்றாவது ஐயமே மிகச் சுவையானது. இந்த வாயுக்களில் பெரும்பங்கை வெளியிட்டவை வட அரைக்கோளத்து நாடுகள். அப்படியிருக்க, ஓட்டை மட்டும் ஆள் நடமாட்டமே இல்லாத தென்துருவத்தில் ஏன் விழவேண்டும்? வெளியான வாயு ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் சீராகப் பரவிவிடுகிறது என்பது விடையின் ஒரு பகுதி மட்டுமே. மீதியை அண்டார்க்டிகாவின் குளிர்காலம் தருகிறது. மாதக்கணக்கில் சூரியனே தோன்றாத அந்த இருட்டில் துருவத்தைச் சுற்றி வலுவான காற்றுச் சுழல் ஒன்று உருவாகி, உள்ளிருக்கும் காற்றை வெளியிலிருந்து துண்டித்துவிடுகிறது. அங்கே அடுக்கு மண்டலத்தின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 78 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சரியும்போது, வழக்கமாக மேகமே உருவாகாத அந்த உயரத்தில் நுண்துகள் மேகங்கள் தோன்றுகின்றன. மற்ற இடங்களில் தீங்கற்ற சேர்மங்களுக்குள் அடங்கிக் கிடக்கும் குளோரின், இந்தத் துகள்களின் மேற்பரப்பில் நிகழும் வினைகளால் விடுபட்டுக் காத்திருக்கிறது. ஆகஸ்ட் இறுதியில் சூரியன் திரும்பத் தொடங்கியதும் அழிவு தொடங்கி, சில வாரங்களில் அந்த உயரத்து ஓசோன் ஏறத்தாழ முழுவதுமாகத் தீர்ந்துபோகிறது. இந்த விளக்கத்தை 1986இல் சூசன் சாலமனும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்தபோது, கதிரவனின் செயல்பாட்டு மாற்றமே காரணம் என்றும், கீழிருந்து எழும் காற்று ஓசோனை விலக்கித் தள்ளுகிறது என்றும் கூறிய போட்டி விளக்கங்கள் இரண்டு களத்தில் இருந்தன. 1987 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சிலி நாட்டின் புன்டா அரேனாஸிலிருந்து புறப்பட்ட ஆய்வு விமானம் சுழலுக்குள் நுழைந்து அளந்தபோது, குளோரின் ஓசோனைச் சிதைக்கும்போது உருவாகும் குளோரின் மோனாக்சைடு எங்கெல்லாம் ஏறியதோ அங்கெல்லாம் ஓசோன் இறங்கியிருந்தது.

ஐயம் என்பது அறிவியலாளர்களுக்கு வெளியே மட்டும் இருந்ததல்ல. அண்டார்க்டிகாவின் ஹாலி பே தளத்தில் 1950களிலிருந்து ஓசோனை அளந்துவந்த பிரிட்டிஷ் குழுவினர், 300 அலகை ஒட்டி இருக்கவேண்டிய அக்டோபர் மாத அளவு 1980களின் தொடக்கத்தில் சரிவதைக் கண்டதும் முதலில் சந்தேகித்தது தங்கள் கருவியைத்தான். வேறு கருவியை வரவழைத்து, வேறொரு தளத்தின் அளவுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஜோசஃப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் அதை வெளியிட்டனர். அளந்து பார்த்தால் தீர்ந்துவிடும் ஐயம் இது. தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே வளர்க்கப்படும் ஐயமும் ஒன்று உண்டு; இந்த வாயுக்களின் விற்பனையாளர்கள் பலர் பத்தாண்டுகளுக்கு மேல் போதிய சான்று இல்லை என்று கூறிவந்ததை அவ்வகையில்தான் சேர்க்கவேண்டும். மிகப் பெரிய உற்பத்தியாளரான டூபாண்ட் நிறுவனம் 1988இல்தான் உற்பத்தியைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அதற்குள், 1987 செப்டம்பர் 16 அன்று, விமான ஆய்வின் முடிவுகள் அச்சேறுவதற்கு முன்பே, மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. பின்னர் உலகின் எல்லா நாடுகளும் அதில் இணைந்தன. இந்தியா 1992இல் சேர்ந்தது. 2010இலிருந்து வளரும் நாடுகளிலும் குளோரோபுளோரோகார்பன் உற்பத்தி, ஆஸ்துமா உறிஞ்சிகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, நிறுத்தப்பட்டது.

ஆக, ஓட்டை எங்கும் போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் இறுதியில் அது திறந்து ஆண்டு முடிவதற்குள் மூடிக்கொள்கிறது. சில வாயுக்கள் ஐம்பது ஆண்டும் சில நூறாண்டும் தங்குவதால், அண்டார்க்டிகாவின் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்றும், துருவங்களுக்கு வெளியே 2040 வாக்கிலேயே அது நிகழும் என்றும் 2022ஆம் ஆண்டின் ஐ.நா. மதிப்பீடு கூறுகிறது. இடையில் ஓராண்டு சிறுத்தும் மறு ஆண்டு பெருத்தும் தோன்றுவது, துருவத்து வெப்பநிலையும் எரிமலைத் தூசியும் மாறுவதால் நேர்வது. உடன்படிக்கை வராமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாசாவைச் சேர்ந்த பால் நியூமன் குழுவினர் 2009இல் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தபோது, 2065க்குள் உலக ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிடும் என்று விடை வந்தது. நடக்காத பேரிடருக்குப் புகைப்படம் கிடையாது என்பதால், இந்தக் கணக்கு ஐயமுறுவோரை எளிதில் அசைத்துவிடாது.

வேடிக்கை என்னவென்றால், ஓசோன் ஓட்டையை நம்பாதவர்களைப் போலவே அதை அளவுக்கு மீறி நம்புகிறவர்களும் உண்டு. கத்திரி வெயில் கொளுத்தும்போதெல்லாம் ஓசோனில் ஓட்டை விழுந்ததே காரணம் என்று சொல்வது தமிழ்நாட்டில் இன்றும் சாதாரணமாகக் கேட்கக்கூடியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வானில் ஓட்டை ஒருபோதும் விழவில்லை. ஓட்டை விழுந்த இடத்திலும் கூடுவது புற ஊதாக் கதிரே தவிர வெயிலின் சூடு அல்ல. ஆனாலும் இந்த வாயுக்களுக்கும் வெப்பத்துக்கும் வேறொரு வழியில் உறவு உண்டு என்பதைக் கண்டவர், சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன். படிப்பு முடிந்து செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி நிறுவனமொன்றில் குளிர்வாயு கசிவதைத் தடுக்கும் பணியில் இருந்த அவர், அமெரிக்கா சென்று 1975இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், இந்தச் சேர்மங்கள் ஒவ்வொரு மூலக்கூறளவிலும் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கக்கூடியவை என்று காட்டினார்.

பின்னர் வந்த மாற்று வாயுக்களுக்கும் இந்தக் குறை இருந்தது. ஓசோனைத் தொடாத ஹைட்ரோபுளோரோகார்பன்களில் ஒன்றான ஆர்-134ஏ, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,400 மடங்கு வெப்பமூட்டவல்லது. எனவே மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இந்தியா 2028இல் அவற்றின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு கட்டி, 2032இலிருந்து குறைக்கத் தொடங்கவேண்டும். மாற்றுகளில் ஒன்றான ஆர்-290 என்பது தூய புரோப்பேன்; சமையல் சிலிண்டரில் உள்ள வாயுவின் நெருங்கிய உறவு. ஏ.சி.யில் தீப்பற்றும் வாயுவை நிரப்புவதா என்று பழுதுபார்ப்பவர்களும் வாங்குபவர்களும் கேட்பது இயல்பு. 14.2 கிலோ கொண்ட சமையல் சிலிண்டரோடு ஒப்பிட்டால் வீட்டு ஏ.சி.யில் அது சில நூறு கிராம்தான் என்றாலும், மூடிய படுக்கையறையில் கசிந்தால் எவ்வளவு செறிவு ஏற்படும் என்பதைப் பொறுத்தே அறையின் பரப்புக்கேற்ற வாயு வரம்பைப் பாதுகாப்புத் தரவிதிகள் வரையறுக்கின்றன. பயிற்சி இல்லாதவர் பழைய வாயுவைப் போலவே இதையும் கையாண்டு, அருகில் தீயை வைத்துப் பற்றவைப்பு வேலை செய்தால் அந்த வரம்பு மட்டும் அவரைக் காப்பாற்றாது. இந்த ஐயத்துக்கான விடையில் பாதி ஆய்வகத்திலும் மறுபாதி பழுதுபார்க்கும் பட்டறையிலும் எழுதப்படவேண்டியிருக்கிறது.