காய்ச்சாத ஆட்டுப்பாலும் மூலம் தெரியாத காய்ச்சலும்

டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டணுக்கள் கூடும் என்று நம்பி, நோயாளிக்கு ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டிலேயே கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஷிப்டை விட மனமின்றி மருந்துக்கடை மாத்திரையோடு வாரக்கணக்கில் காய்ச்சலைச் சுமந்த பின்னரே மருத்துவமனைக்கு வரும் பனியன் கம்பெனித் தொழிலாளரும் திருப்பூரில் உண்டு. இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேருமானால், காய்ச்சலின் மூலத்தைக் கண்டறிவது பெரும்பாடாகிவிடும்.

பாலில் போய் முடிந்த தேடல்கள்

1951இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ரோஷ்னியாவா நகரில் 600க்கும் மேற்பட்டோர் மூளையழற்சிக் காய்ச்சலுக்கு ஆளானபோது, அது உண்ணிக்கடியால் வருவது என்றே அறியப்பட்டிருந்தும், பாதிக்கப்பட்டோரைப் பிணைத்தது ஒரே பால்பண்ணையின் பால் என்பதும், அதில் ஆட்டுப்பால் கலந்திருந்தது என்பதும் விசாரணையில் தெரியவந்தன. உண்ணி கடித்த ஆட்டின் இரத்தத்தில் பெருகும் வைரஸ், ஆடு நோயுற்றதாகத் தோன்றாத நிலையிலும் பாலில் இறங்கிவிடுகிறது. 2020இல் பிரான்சின் ஐன் பகுதியில் 40க்கும் மேற்பட்டோர் நோயுற்றதற்கும் பச்சை ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியே காரணமாயிற்று.

அந்த வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்ததும், 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டதுமான குரங்குக் காய்ச்சல் பால்வழி பரவுவதற்குச் சான்றில்லை. கொங்கு நாட்டில் அஞ்ச வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, விலங்குகளிடையே உண்ணிகளும் பரப்பும் காக்சியெல்லா பாக்டீரியாவால் வரும் கியூ காய்ச்சல். இது பெரும்பாலும் ஈன்ற ஆட்டின் இளங்கொடியும் கழிவும் கலந்த தூசியை மூச்சில் இழுப்பதால் தொற்றும், காய்ச்சாத பாலாலும் தொற்றக்கூடும். மற்றொன்று, உண்ணிக்குத் தொடர்பில்லாமல் பச்சைப்பால் வழியே நேராக வரும் புருசெல்லா காய்ச்சல். மால்டா தீவில் 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் இதன் மூலத்தை ஆடுகளிடம் கண்டறிந்த பின், படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் வேகமாகச் சரிந்தது.

நம்பிக்கைகளும் உண்மையும்

டெங்குவில் இறங்கிய தட்டணுக்கள் நோய் தணியும்போது தாமாகவே ஏறுகின்றன. அந்த நாளில் குடித்த பால் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. கறந்த பாலின் சூடு கிருமிக்கு வாழ உகந்த சூடுதானேயன்றி அதைக் கொல்லும் சூடன்று. பாஸ்டரைசேஷன் எனப்படும் பதப்படுத்தலில் பால் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைக்கப்படுவதும், வீட்டில் பொங்கக் காய்ச்சுவதும் அதற்காகவே. நம் பட்டியில் நல்ல தீனி தின்று வளர்ந்த ஆடு என்பதும், பால் தயிராகப் புளித்துவிட்டது என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகா. தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று அழைக்கப்படும் ஸ்கரப் டைஃபஸ், புதர்களில் வாழும் நுண்சிலந்திகளின் இளம்புழு கடிப்பதால் வருவது. அதற்கும் பாலுக்கும் உறவில்லை.

எல்லாவற்றிலும் அதிகக் கேடு விளைவிப்பது கைவைத்தியத் துணிச்சல். புருசெல்லா காய்ச்சல் ஏறியும் இறங்கியும் வரும் இயல்புடையதாதலால், இறங்கும் நாளில் விழுங்கிய மாத்திரை குணப்படுத்தியதாகத் தோன்றுகிறது. அதன் பெயரைக் கேட்டு அண்டை அறையிலிருப்பவரும் வாங்கி விழுங்குகிறார். உண்மையில் இந்நோய்க்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரமேனும் கொடுக்க வேண்டியிருக்க, மூன்று நாள் ஆன்டிபயாடிக் நோயை மறைத்துவைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அதற்குள் முதுகெலும்பும், கியூ காய்ச்சலானால் இதய வால்வும் பாதிக்கப்படலாம். கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவும் நேரலாம்.

பரிசோதனை

புருசெல்லா காய்ச்சல், கியூ காய்ச்சல் இரண்டையும் இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

பெற்றோரும் தொழிலாளரும் செய்ய வேண்டியது

இருமலுக்கும் இளைப்புக்கும் நல்லதென்று குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுப்பவர்கள் அதைப் பொங்கக் காய்ச்சியே கொடுக்க வேண்டும். வேண்டுகோள் கொடுக்காதீர்கள் என்பதன்று, காய்ச்சுங்கள் என்பதே. காங்கயம், தாராபுரம் பக்கம் ஆடு வளர்ப்போர் இளங்கொடியை வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழிவெட்டிப் புதைக்கட்டும்; கருவுற்ற பெண்கள் அந்த வேலையிலிருந்து விலகியிருக்கட்டும். பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பியவருக்குச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தால், புருசெல்லா உடலில் புகுந்து இரண்டு மாதம் கழித்தும் வெளிப்படக்கூடியது என்பதால், ஊரில் குடித்த பாலையும் தொட்ட ஆட்டையும் மருத்துவர் கேட்கும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.