வாய்க்கால் தண்ணீருக்கு வரவு செலவு

கல்லணையில் மதகுகளைத் திறந்தாயிற்று. காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் ஓடுகிறது. விதைநெல்லோடு காத்திருக்கும் கடைமடை உழவருக்கு ஒரே கேள்விதான்: தண்ணீர் எப்போது வந்து சேரும்?

இத்தகைய கேள்விகளுக்குக் கணிப்பொறியால் விடை காணும் துறைக்குக் 'கணிப்பொறிப் பாய்ம இயக்கவியல்' என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். தாளும் பென்சிலும் இருந்தால் இப்போதே தொடங்கலாம்.

காய்ந்து கிடக்கும் ஒரு வாய்க்காலை 600 மீட்டர் நீளக் கட்டங்களாகப் பிரியுங்கள். தண்ணீரின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு கட்டத்தைக் கடக்க 20 நிமிடம் ஆகும். நிறைந்த கட்டத்தில் இருப்பது 8 பங்கு. மதகில் எப்போதும் 8 பங்கு உண்டு. மண்ணில் ஊறி இறங்குவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

விதி இதுதான்: 10 நிமிடத்தில் ஒவ்வொரு கட்டமும் தன் பழைய இருப்பில் பாதியை அடுத்த கட்டத்துக்குக் கொடுக்கும். பழைய இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் புதிய இருப்பு கிடைக்கும்.

முதல் மூன்று கட்டங்களைப் பாருங்கள்.

10 நிமிடம்: 4, 0, 0
20 நிமிடம்: 6, 2, 0
30 நிமிடம்: 7, 4, 1

மதகு மூன்று முறை 4 பங்கு கொடுத்தது; ஆக 12. கட்டங்களைக் கூட்டினாலும் 12. கணக்கு நேர்! ஆனால் 30 நிமிடத்தில் தண்ணீர் 900 மீட்டர்தான் போயிருக்கும். ஆகவே உண்மை விடை 8, 4, 0. நம் கணக்கில் தண்ணீரின் முன்விளிம்பு சற்றுக் கலங்கிவிட்டது. கட்டங்களையும் காலத்தையும் சிறிதாக்கினால் இந்தக் கலக்கம் குறையும்.

வேலையைச் சுருக்க 40 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிட்டால் என்ன? இப்போது ஒவ்வொரு கட்டமும் தன் இருப்பைப்போல் இரு மடங்கு கொடுக்க வேண்டும். முதல் முறை: 16, 0. இரண்டாம் முறை: 0, 32. மூன்றாம் முறை: 16, கழித்தல் 32! இல்லாததற்கும் கீழே தண்ணீர் உண்டா?

காரணம் எளிது. 40 நிமிடத்தில் தண்ணீர் இரண்டு கட்டம் தாண்டிவிடும். நம் விதியோ அடுத்த கட்டத்தை மட்டுமே அறியும். ஒரு கணக்கிடலில் ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக்கூடாது என்ற இந்த நிபந்தனையை 1928இல் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் வெளியிட்டனர்.

உண்மை வாய்க்காலில் வேகமும் ஆழமும் இடத்துக்கு இடம் மாறும். தரை உராய்வு தண்ணீரைத் தடுக்கும். இவற்றையும் சேர்த்த சமன்பாடுகளை 1871இல் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் சான் வனான் தந்தார். கணிப்பொறி அவற்றை ஆயிரக்கணக்கான கட்டங்களுக்குப் போடுகிறது. அடிப்படை அதே வரவு செலவுதான். ஆனால் தவறான காலஅளவைக் கொடுத்தால் அதுவும் தவறான விடையையே தரும். அந்த விடையை நம்பினால் கடைமடை வயல் காய நேரிடும். அதனால்தான் விடையை வாய்க்காலில் அளந்தும் சரிபார்க்கிறார்கள்.

இனி உங்கள் முறை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். முன்விளிம்பு என்ன ஆகிறது? ஏன்?