மெக்கானிக் ஏன் டீ குடிக்கப் போனார்?

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் மலைச்சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் எண்ணிப் பார்க்காமலே சொல்வார்கள். சுமை ஏற்றிக்கொண்டு கர்நாடகத்துக்குப் போகும் லாரிகள் இந்த வளைவுகளில் சின்ன கியரில் முக்கி முனகித்தான் மேலே வரும்.

அப்படி ஏறி வந்த லாரி ஒன்று மலை உச்சியில் ஓரங்கட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புகிறது. அடியில் பச்சை நிறத் தண்ணீர் சொட்டுகிறது. ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் ஹோஸில் கசிவு. டிரைவரிடம் புது ஹோஸ் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரும் இருக்கிறது. கிளிப்பைத் தளர்த்திப் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் முடிந்தது. ஆனால் வந்து சேர்ந்த மெக்கானிக், ஹோஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆறட்டும்ணே" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுகிறார்!

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வேலையில் பாதி விஞ்ஞானம் அந்த டீயில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. லாரி டீசலில்தானே ஓடுகிறது? தண்ணீர் எதற்கு? டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் சில கணங்கள் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி போதும். ஆக, உள்ளே பிறக்கும் வெப்பத்தை ஓயாமல் வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டீசலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. இன்னொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியாகக் காற்றில் கலக்கிறது. மிச்சத்தை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது தண்ணீருக்குப் போகும் வெப்பம் மட்டுமே முப்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அவ்வளவையும் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் கொடுக்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே புகுந்து வரும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. ஆறிய தண்ணீரைப் பம்பு மறுபடியும் இன்ஜினுக்கு அனுப்புகிறது.

மலை ஏறும்போது இந்த ஏற்பாடு திணறும். இன்ஜின் முழு மூச்சில் உழைப்பதால் டீசல் நிறைய எரியும், வெப்பமும் நிறைய. ஆனால் வண்டி ஊர்ந்து போவதால் எதிர்க்காற்று இல்லை. ஃபேன் மட்டும்தான் துணை. சமவெளியில் சாதுவாக இருந்த பழைய ஹோஸ், பெரும்பாலும் இப்படிப்பட்ட ஏற்றத்தில்தான் தன் வயதைக் காட்டும்.

இனி டீ விஷயத்துக்கு வருவோம்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருப்பீர்கள். அது கடல் மட்டத்தில், திறந்த பாத்திரத்தில். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் இதற்கு நேர்மாறு. உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி. 1679இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் இப்படி ஒரு மூடிய பாத்திரத்தைச் செய்து, எலும்பையே மெத்தென்று வேகவைத்துக் காட்டினார். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. உள்ளழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது வழிவிடும். அதனால் 100 டிகிரியைத் தாண்டினாலும் உள்ளே தண்ணீர் கொதிக்காமல் தண்ணீராகவே ஓடிக்கொண்டிருக்கும். கொதித்துக் குமிழி வந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பது தண்ணீர் அல்ல, ஆவி. ஆவியால் வெப்பத்தை அவ்வளவு வேகமாக வாங்க முடியாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சூடாக இருக்கும்போது யாராவது மூடியைத் திறந்தால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே 30 லிட்டர் தண்ணீர், 115 டிகிரியில் இருக்கிறது. மூடி திறந்ததும் அழுத்தம் போய்விட்டது. இனி அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. கூடுதலாக இருக்கும் 15 டிகிரி வெப்பத்தை எங்கே கொட்டும்? தன்னில் ஒரு பகுதியை ஆவியாக்கித்தான் கொட்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். கொதிநிலையில் இருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். 15ஐ 540ஆல் வகுங்கள். 36இல் ஒரு பங்கு. முப்பது லிட்டரில் முக்கால் லிட்டரைக் கொஞ்சம் தாண்டும்.

பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும்! ஆக, உங்கள் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு வாய் வழியாக 1,300 லிட்டருக்கு மேல் ஆவி முண்டியடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். தனியாகவும் வராது. கொதிநீரையும் வாரிக்கொண்டு வரும். தோலில் பட்ட ஆவி அங்கே மறுபடியும் தண்ணீராகும்போது, கிராமுக்கு அந்த 540 கலோரியையும் தோலிலேயே இறக்கிவிட்டுப் போகும். தண்ணீரில் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவம் கலந்திருந்தால் எண்கள் சற்று மாறும், ஆபத்து மாறாது. கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவுவதும் மூடியைத் திறப்பதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

சரி, இன்ஜினை அணைத்ததும் ஆறத் தொடங்கிவிடுமே என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு வேடிக்கை. அணைத்த பிறகு முதல் சில நிமிடங்களில் தண்ணீரின் சூடு குறையாது, ஏறும்! பம்பும் ஃபேனும் நின்றுவிட்டன. ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு இன்னும் தகித்துக்கொண்டிருக்கிறது. ஓடாமல் தேங்கி நிற்கும் தண்ணீரில் அந்தச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். நடுத்தர லாரி ஒன்றின் இன்ஜின் சுமார் அரை டன் எடை. அது 90 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்க வேண்டுமானால், முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பத்தை வெளியே விட வேண்டும். அது ஒரு டீயோடு முடிகிற காரியமில்லை. மெக்கானிக் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

அவசரக்காரர்கள் சிலர் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள், அல்லது கொதிக்கும் ரேடியேட்டருக்குள் ஊற்றுவார்கள். தண்ணீர் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், பக்கத்து இடம் விரிந்தபடியே இருக்கும். வார்ப்பிரும்பு அந்த இழுபறியைத் தாங்காது, விரிசல் விட்டுவிடும். சில நூறு ரூபாய் ஹோஸுக்காகத் தொடங்கிய வேலை, சிலிண்டர் ஹெட்டையே மாற்றுவதில் போய் முடியும்.

அது இருக்கட்டும், இவ்வளவு சூடும் அழுத்தமும் உள்ள இடத்தில் ஏன் ரப்பரை வைத்தார்கள்? இரும்புக் குழாய் வைத்திருந்தால் தொல்லையே இல்லையே? காரணம், இன்ஜின் ஆடுகிறது. லாரி நிற்கும்போது கவனியுங்கள், இன்ஜின் ஓடினால் கேபினே குலுங்கும். ரேடியேட்டரோ வேறு இடத்தில் பொருத்தப்பட்டு வேறு விதமாக அசைகிறது. இரண்டுக்கும் நடுவில் விறைப்பான குழாயைப் போட்டால் அசைவில் வெடித்துவிடும். ரப்பர் வளைந்து கொடுக்கும். வெறும் ரப்பரும் இல்லை. உள்ளே ஒரு ரப்பர் அடுக்கு, வெளியே ஒன்று, நடுவில் நூலால் பின்னிய ஒரு வலை. அந்த நூல்தான் ஹோஸ் பலூன் மாதிரி உப்பாமல் பிடித்துக்கொள்கிறது.

மரத்திலிருந்து வரும் ரப்பர், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு தொல்லையும் போய்விடுவதைக் கண்டுபிடித்தார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டு இணைக்கிறது. இன்று பெரும்பாலான ஹோஸ்களில் இருப்பது ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். சூட்டையும் கூலன்டையும் நன்றாகத் தாங்கும். எண்ணெய் மட்டும் ஆகாது. இன்ஜின் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தால் ஊறிக் கொழகொழத்துப் போகும்.

இன்னொரு பகை கண்ணுக்கே தெரியாது. கூலன்ட் ஓடும் பாதையில் இரும்பு இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, சில வண்டிகளில் செம்பும் பித்தளையும் இருக்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்தால் என்னவாகும்? பள்ளியில் எலுமிச்சம் பழத்தில் செம்புக் கம்பியும் துத்தநாக ஆணியும் குத்திப் பார்த்தவர்கள் உடனே கை தூக்கியிருப்பீர்கள். ஆமாம், மின்கலம்! அந்த நுண்ணிய மின்னோட்டம் ஹோஸின் உள்சுவரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. முக்கியமாக உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளுக்கு அருகில். வெளியே பார்த்தால் ஹோஸ் பளபளவென்று புதிதாகத்தான் தெரியும். அதனால்தான் அனுபவசாலிகள் கண்ணை நம்புவதில்லை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கிளிப்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். நடுப்பகுதி கெட்டியாக இருந்து முனை மட்டும் மெத்தென்று அமுங்கினால், ஹோஸ் போகப்போகிறது என்று அர்த்தம்.

இதோ, மெக்கானிக் வந்துவிட்டார். மூடியைத் தடித்த துணியால் பிடித்துக் கொஞ்சமாகத் திருப்பி, சத்தம் ஏதும் வராததை உறுதி செய்துகொண்டுதான் திறக்கிறார். கூலன்டைத் தரையில் விடாமல் ஒரு தட்டில் பிடிக்கிறார். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாயோ பூனையோ ருசி பார்த்துவிட்டால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. பலமாகத் திருகினால் ரேடியேட்டரின் கழுத்து உடையும். அதனால் நீளவாட்டில் கத்தியால் கீறி வாழைப்பழத் தோல் போல உரித்துவிடுகிறார். கழுத்தில் படிந்த துருவைத் தேய்த்து எடுக்கிறார். கழுத்தின் ஓரத்தில் ஒரு மேடு இருக்கும். புது ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கிளிப் மேட்டுக்கு அப்பால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப்பை முடுக்கினால் அடுத்த ஏற்றத்தில் ஹோஸ் கழன்றுகொள்ளும்.

கூலன்ட் ஊற்றுவதிலும் பொறுமை வேண்டும். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் அந்த இடத்துக்குத் தண்ணீர் போகாது. இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. வெப்பத்தை அளக்கும் சென்சார் காற்றில் மாட்டிக்கொண்டால், டிரைவருக்கு முன்னால் உள்ள முள் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்! ஆகவே மெதுவாக ஊற்றி, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, குமிழிகள் நின்ற பிறகுதான் மூடி.

வேலை முடிந்தது. லாரி போய்விட்டது. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் புது ஹோஸுக்கு அடியில் இரண்டு சொட்டு. வண்டி சூடானதும் கசிவைக் காணோம். ஹோஸ் ஓட்டையாக இருந்தால் சூட்டில் அல்லவா அதிகம் ஒழுக வேண்டும்? விஷயம் இதுதான்: ஒரே அளவு சூட்டுக்கு ரப்பர் இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும், ஆறும்போது அதே கணக்கில் சுருங்கும். பகலில் விரிந்து கிளிப்புக்குள் இறுகியிருந்த ரப்பர், இரவுக் குளிரில் சுருங்கி இடைவெளி விட்டுவிட்டது. இரண்டு நாள் ஓடிய பிறகு, ஆறிய இன்ஜினில், கிளிப்பை இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் போதும். சில லாரிகளில் ஸ்பிரிங் வைத்த கிளிப்பே வருகிறது. ரப்பர் சுருங்கச் சுருங்க அதுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.