வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் தப்பா போட்டால் அட்மின் மேல் கேஸ் வருமா? கோர்ட் சொன்னது என்ன?

அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப், காலேஜ் பேட்ச் குரூப், சொந்தக்காரங்க குரூப்... எல்லா குரூப்பிலும் நடக்கும் சண்டை ஒன்றுதான். யாரோ ஒருவர் ஆபாசமாகவோ அவதூறாகவோ ஒன்றைப் போடுவார். பாதிக்கப்பட்டவர் "அட்மின் என்ன பண்றீங்க?" என்று கேட்பார். ஆளை நீக்கினாலும் பிரச்னை, நீக்காவிட்டாலும் பிரச்னை.

அப்படியென்றால் அட்மினின் பொறுப்பு எதுவரை? நீக்கப்பட்டவர் யாரிடம் போய் முறையிடலாம்?

பயம் எங்கிருந்து வந்தது?

2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் வாரணாசி மாவட்ட ஆட்சியரும் காவல்துறை உயரதிகாரியும் கூட்டாக ஓர் உத்தரவு போட்டனர். குரூப்பில் வதந்தி பரவினால், நடவடிக்கை எடுக்காத அட்மின் மீதும் வழக்குப் பாயலாம் என்றது அந்த உத்தரவு. இது நாடு முழுக்கச் செய்தியானது. "இனி அட்மின்தான் பொறுப்பு" என்ற ஃபார்வர்டுகள் சுற்ற ஆரம்பித்தன.

நீதிமன்றங்கள் என்ன சொன்னன?

மகாராஷ்டிராவின் கோண்டியா மாவட்டத்தில் 2016-ல் ஒரு வழக்கு பதிவானது. குரூப்பில் இருந்த பெண்ணை இன்னொரு உறுப்பினர் அசிங்கமாகப் பேசினார். அட்மின் அவரை நீக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்க வைக்கவும் இல்லை என்பது அந்தப் பெண்ணின் புகார். போலீஸ் அட்மினையும் வழக்கில் சேர்த்தது.

2021 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, அட்மின் மீதான வழக்கை ரத்து செய்தது. ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் மட்டுமே அட்மின் கையில் இருக்கிறது. ஒரு பதிவு வருவதற்கு முன்பே அதைத் தணிக்கை செய்ய அவரால் முடியாது. இருவரும் பேசி வைத்துச் செய்ததாக ஆதாரம் இல்லாதவரை, இன்னொருவர் போட்ட பதிவுக்கு அட்மின் குற்றவாளி ஆக மாட்டார். தீர்ப்பின் சாரம் இதுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் இதே மாதிரி கேள்வி மதுரைக்கு வந்தது. கரூரில் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றின் அட்மின் மீதான வழக்கு அது. மனுதாரர் அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால், இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போலீசாருக்கு உத்தரவிட்டது. வேறு ஆதாரம் இருந்தால் கதை வேறு என்பதையும் சேர்த்தே சொன்னது.

2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே நிலைப்பாட்டை எடுத்தது.

அப்போ அட்மினுக்குக் கவலையே வேண்டாமா?

அப்படியும் இல்லை. மூன்று இடங்களில் உஷாராக இருக்க வேண்டும்.

ஒன்று, சொந்தமாகப் போடுவதும் ஃபார்வர்டு செய்வதும். 'நான் எழுதல, வந்ததை அனுப்பினேன்' என்ற சாக்கு எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஃபேஸ்புக் பதிவைப் பகிர்ந்த வழக்கில் எஸ்.வி.சேகருக்கு முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றை ஃபார்வர்டு செய்வது அந்தக் கருத்தை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று 2018-ல் சொன்னது.

இரண்டு, கூட்டுச் சதி. போட்டவரும் அட்மினும் திட்டமிட்டுச் செய்தது தெரிந்தால் பாதுகாப்பு போய்விடும்.

மூன்று, குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்கள். இவற்றை அழிக்காமலும், போலீசுக்குத் தெரிவிக்காமலும் போனில் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவில் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இது அட்மினுக்கு மட்டுமல்ல, குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாக்பூர் தீர்ப்பு, அட்மினுக்கு அதிகாரம் குறைவு என்பதை அடிப்படையாகக் கொண்டது. 2022-ல் வாட்ஸ்அப் அந்த அதிகாரத்தைக் கூட்டிவிட்டது. உறுப்பினர் போட்ட எந்தப் பதிவையும் எல்லோருடைய போனிலிருந்தும் அட்மின் அழிக்கலாம். பதிவு வரும் முன்பு தடுக்க முடியாது என்பது இன்றும் உண்மைதான். ஆனால் புகார் வந்த பிறகு 'என்னால ஒண்ணும் பண்ண முடியாது' என்று சொல்வது இனி எளிதல்ல.

அட்மின் உங்களை நீக்கிவிட்டால்?

அட்மினின் முடிவுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய வாட்ஸ்அப்பில் தனி வழி கிடையாது. அவரிடமே பேசிப் பார்க்கலாம், இல்லையென்றால் வேறு அட்மினிடம் கேட்கலாம்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். குரூப் வேறு, சங்கம் வேறு. குடியிருப்போர் சங்கத்தின் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டதால் உங்கள் சங்க உறுப்பினர் உரிமை போய்விடாது. அதை முடிவு செய்வது சங்கத்தின் விதிகள். கூட்ட அறிவிப்பு, கணக்கு விவரம் எல்லாம் வேறு வழியில் உங்களுக்கு வர வேண்டும் என்று சங்கத்திடம் எழுத்துமூலம் கேட்கலாம்.

வாட்ஸ்அப் நிறுவனமே கணக்கை முடக்கினால்?

இதற்கு வழி இருக்கிறது. 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சமூக ஊடக நிறுவனங்கள் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். அவருடைய முடிவு திருப்தி தரவில்லையா? 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் இப்படி மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. விண்ணப்பம் முதல் முடிவு வரை எல்லாமே ஆன்லைனில்தான். டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

குரூப்பில் உங்களை அசிங்கப்படுத்தினால்?

* முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவர் எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். அட்மின் அழித்த பிறகு ஆதாரம் கிடைப்பது கஷ்டம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம் என்றால் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.
* அட்மினுக்குத் தனியாக, எழுத்தில் புகார் அனுப்புங்கள்.
* வாட்ஸ்அப்பில் 'ரிப்போர்ட்' கொடுங்கள். அந்த நபரிடமிருந்தோ குரூப்பிலிருந்தோ உங்களுக்குக் கடைசியாக வந்த 5 மெசேஜ்கள் நிறுவனத்துக்குப் போகும்.
* தேசிய சைபர் க்ரைம் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம்.

அட்மின்கள் என்ன செய்யலாம்?

குரூப் விவரத்தில் நாலு வரியில் விதிகளை எழுதி வையுங்கள். நீக்கும்போது காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். ஒருவருக்குப் பதில் இரண்டு, மூன்று அட்மின்கள் இருந்தால் 'அவருக்கு வேண்டியவரை மட்டும் விட்டுட்டார்' என்ற பேச்சு குறையும். சண்டை முற்றினால், அட்மின் மட்டும் மெசேஜ் போடும் செட்டிங்கைச் சில மணி நேரம் ஆன் செய்யலாம்.

கோண்டியா வழக்கில் அட்மின் விடுபட்டார். ஆனால் அந்தப் பெண் முதலில் போய்க் கேட்டது போலீசிடம் அல்ல, அட்மினிடம்தான். ஜெயிலுக்குப் போக மாட்டார் என்பதால் அட்மின் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பதை நிறுவனம் படிப்பதில்லை, போலீஸ் வர நாளாகும். அன்றைக்கே அதை நிறுத்தக்கூடியவர் அட்மின் மட்டுமே.